வறண்ட நாட்டுக் கிளியும் விழுப்புரத்து வீடும்

பச்சைக்கிளியை வீட்டில் வைத்திருப்பது சட்டப்படி குற்றம். நம் நாட்டுக் கிளிகளைப் பிடிக்கவோ விற்கவோ கூண்டில் அடைக்கவோ 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. அதனால் கிளி வளர்க்கும் ஆசை இப்போது வெளிநாட்டுப் பறவைகள் பக்கம் திரும்பியிருக்கிறது. விழுப்புரம், திண்டிவனம் பக்கம் வண்ணமீன் கடைக்குப் போனால் வாசலிலேயே லவ் பேர்ட்ஸ் கூண்டுகள் தொங்கும். அவற்றுக்கு அடுத்த கூண்டில், தலையில் கூரான கொண்டையும் கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டுமாக உட்கார்ந்திருப்பதுதான் காக்கடீல். கடையில் 'காக்டெயில்' என்று கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள்.

கொண்டையிலிருந்து வால் நுனி வரை ஓர் அடி நீளம். அதில் பாதி வால். எடை 80 முதல் 110 கிராம். அறிவியல் பெயர் நிம்ஃபிகஸ் ஹாலண்டிகஸ். காக்கட்டூ குடும்பத்திலேயே மிகச் சிறிய பறவை இது. நினைத்தபோது தூக்கி இறக்கும் கொண்டையும், இறகுக்கு இடையிலிருந்து ஓயாமல் உதிரும் வெண்தூளும் அந்தக் குடும்பத்தின் அடையாளங்கள். மற்ற கிளிகளின் இறகுக்குள் ஒளியைச் சிதறவைத்து நீலத்தைக் காட்டும் நுண்ணிய அமைப்பு ஒன்று உண்டு. அதோடு மஞ்சள் நிறமி சேரும்போது பச்சை தெரிகிறது. காக்கட்டூக்களுக்கு அந்த அமைப்பு இல்லாததால் அவற்றில் பச்சையும் கிடையாது, நீலமும் கிடையாது. சாம்பல், மஞ்சள், வெள்ளை, பழுப்பு நிறங்களை வைத்துத்தான் வளர்ப்பவர்கள் ரகங்களைப் பிரித்தெடுத்தார்கள். 1949இல் அமெரிக்காவில் திட்டுத் திட்டான 'பைட்' ரகம் வந்தது. 1958இல் ஃபுளோரிடாவில் சாம்பலே இல்லாத வெளிர்மஞ்சள் 'லுட்டினோ' வந்தது. இங்கே கடைகளில் அதிகம் பார்ப்பது சாம்பல், பைட், லுட்டினோ ஆகிய மூன்றையும்தான்.

ஆஸ்திரேலியா தன் காட்டுப் பறவைகளை விற்பனைக்காக வெளியே அனுப்புவதை அறுபது ஆண்டுகளுக்கு முன்பே நிறுத்திவிட்டது. ஆகவே நம் ஊரில் விற்கும் காக்கடீல்கள் எல்லாம் கூண்டில் பிறந்த பெற்றோருக்குக் கூண்டிலேயே பிறந்தவை. ஆனாலும் அவற்றின் உடம்பு இன்னும் பாலைநிலக் கணக்கில்தான் இயங்குகிறது. அந்தக் கணக்கு புரிந்தால் வளர்ப்பில் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

மழைக்குக் காத்திருக்கும் உடம்பு

ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுப் புல்வெளிகளும் புதர்க்காடுகளும் காக்கடீலின் சொந்த ஊர். அங்கே மழை இந்த மாதம் வரும் என்று யாரும் சொல்ல முடியாது. தண்ணீரும் புல்விதையும் எங்கே கிடைக்கிறதோ அங்கே கூட்டமாகப் பறந்து போவதும், தீர்ந்ததும் அடுத்த இடம் தேடுவதுமே இவற்றின் வாழ்க்கை. நல்ல மழை பெய்து புல் கதிர் விட்டால் மட்டும் கூடுகட்டும் வேலை சூடு பிடிக்கும். நீர்நிலைக்கு அருகில் நிற்கும் யூகலிப்டஸ் மரப் பொந்தில் 4 முதல் 7 முட்டை இடும். பெரும்பாலும் பகலில் ஆணும் இரவில் பெண்ணும் மாறி மாறி அடைகாக்க, சுமார் 3 வாரத்தில் குஞ்சு பொரியும். மழை பொய்த்தால் அந்தப் பருவம் அப்படியே கழிந்துவிடும்.

இந்தப் பறவை நம் வீட்டுக்கு வந்ததும் என்ன ஆகிறது? கிண்ணம் தளும்பத் தீனி, பக்கத்திலேயே தண்ணீர், ராத்திரி சீரியல் முடிகிறவரை டியூப்லைட் வெளிச்சம். அதன் உடம்புக்கு இது முடிவே இல்லாத மழைக்காலம். தேடிப் பறக்க வேண்டிய தேவை போய்விடுகிறது. கொழுப்பு சேர்கிறது, பெண் பறவை ஜோடி இல்லாமலேயே முட்டை மேல் முட்டையாக இட ஆரம்பிக்கிறது. வீட்டுக் காக்கடீலைப் பெரும்பாலும் கெடுப்பது இந்தச் செழிப்புதான்.

தீனி: கொடுப்பதைவிடக் குறைப்பது முக்கியம்

கடையில் கலந்து விற்கும் தீனியில் தினை, கம்பு, சோளம், சூரியகாந்தி விதை எல்லாம் இருக்கும். பறவை முதலில் பொறுக்குவது சூரியகாந்தியை. கொழுப்பு மிகுந்த அந்த விதையையே தின்று பழகினால் கல்லீரலில் கொழுப்பு படியும். எந்தத் தானியத்தை மாற்றி மாற்றிக் கொடுத்தாலும் வைட்டமின் ஏ, கால்சியம், அயோடின் ஆகியவற்றில் குறை இருக்கும். வைட்டமின் ஏ குறைந்தால் மூக்கு, வாய், தொண்டையின் உட்சவ்வு தடித்துக் கிருமி நுழைய வழி பிறக்கும். தானியம் மட்டுமே தின்ற பறவைகளுக்கு அடிக்கடி சளி பிடிப்பதற்கு இது ஒரு காரணம்.

இதற்கு மருந்து நம் கொல்லையிலேயே இருக்கிறது. முருங்கைக் கீரையில் வைட்டமின் ஏயும் கால்சியமும் சேர்ந்தே கிடைக்கும். கேரட் துருவல், பழுத்த பரங்கிக்காய், கொத்தமல்லித் தழை, முளைகட்டிய பச்சைப்பயறு இவையும் நல்லவை. பெல்லட் தீனி கிடைத்தால் பழக்கலாம். அதோடு தானியத்தை அளவாக வைத்து, தினமும் ஒரு கைப்பிடி கீரை காய் கொடுத்தால் போதும். சூரியகாந்தி விதையைக் கிண்ணத்தில் போடாமல் கையால் கொடுக்கும் தின்பண்டமாக வைத்துக்கொள்ளுங்கள். புதிய உணவைப் பறவை முதல் நாளே தொடாது. கீரையை நன்றாகக் கழுவி, ஈரம் சொட்டச் சொட்டக் கூண்டின் மேல்கம்பியில் கட்டித் தொங்கவிட்டால் இலையைக் கொத்தி நீரைக் குடிக்கும் சாக்கில் ருசி பார்க்கும். அதன் கண்ணெதிரே நீங்களும் ஒரு துண்டு கேரட்டைக் கடித்துத் தின்பது இன்னும் நல்லது. கூட்டத்தில் ஒருவர் தின்றால்தான் அது உணவு என்று நம்பும் இனம் இது.

தினைப்புனத்தில் கிளி ஓட்டிய கதை நமக்குப் பழையது. ஆஸ்திரேலியாவில் சோளமும் சூரியகாந்தியும் பயிரிடுகிறவர்களுக்கும் காக்கடீல் கூட்டத்தை ஓட்டுவது ஒரு வேலைதான். காம்போடு இருக்கும் தினைக்கதிர் என்றால் இந்தப் பறவை எதையும் மறக்கும். பயந்த பறவையைக் கைக்குப் பழக்க அதைவிட நல்ல லஞ்சம் இல்லை.

தீனிக் கிண்ணத்தில் ஒரு பொறி உண்டு. காக்கடீல் விதையை உடைத்துப் பருப்பை மட்டும் விழுங்கி, உமியைக் கிண்ணத்திலேயே உதிர்க்கும். மேலாகப் பார்த்தால் கிண்ணம் நிறைந்திருக்கும். அடியில் ஒரு மணி விதை இருக்காது. ஊருக்குப் போய் வருகிறவர்கள் "தீனி இருக்கிறதே" என்று ஏமாறுவது இங்கேதான். தினமும் காலையில் கிண்ணத்தை எடுத்து உமியை ஊதிவிட்டுப் பார்க்க வேண்டும். இப்படி உமி நீக்கித் தின்பதால் கோழிக்குத் தேவைப்படுவதுபோல இதற்கு மணல், கல் தேவையில்லை. அளவு மீறினால் குடலை அடைத்துவிடும்.

கால்சியத்துக்குக் கடல்நுரை போதும். கணவாயின் உள்ஓடுதான் அது. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். மரக்காணம் கடற்கரையில் ஒதுங்கிக் கிடப்பதைப் பொறுக்கி வந்தால், நல்ல தண்ணீரில் ஊறவைத்து உப்புப் போக அலசி, வெயிலில் காயவைத்த பிறகு கூண்டில் மாட்டலாம்.

மல்லாட்டை என்கிற நிலக்கடலை விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் தந்த டி.எம்.வி. ரகங்கள் நாடெங்கும் விளைந்தவை. மல்லாட்டை இல்லாத வீடு இந்தப் பக்கம் இல்லை. ஆனால் ஈரப்பதத்தில் கிடந்த மல்லாட்டையில் அஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சை வளர்ந்து அஃப்லாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். 1960இல் இங்கிலாந்தில் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்து விழுந்தன. அவை தின்ற கடலைப் பிண்ணாக்கை ஆராய்ந்தபோதுதான் இந்த நஞ்சு உலகுக்குத் தெரியவந்தது. பறவையின் கல்லீரலை அது முதலில் தாக்கும். கம்போ மல்லாட்டையோ, கார்த்திகை மழையில் புழுங்கிய வாடை அடித்தால் அப்படியே கொட்டிவிடுங்கள்.

பட்டர் ஃப்ரூட், சாக்லேட், காபி, டீ, வெங்காயம், பூண்டு, உப்பு மிக்சர் ஆகியவற்றைக் கிட்டவே கொண்டுபோகக் கூடாது. வாசலில் பூக்கும் அரளியும் நஞ்சு.

காற்றுதான் முதல் ஆபத்து

பறவையின் நுரையீரல் நம்முடையதுபோல் சுருங்கி விரிவதில்லை. உடம்புக்குள் பல காற்றுப்பைகள் துருத்தியாக வேலை செய்ய, காற்று நுரையீரல் வழியே ஒரே திசையில் ஓடிக்கொண்டிருக்கும். பறப்பதற்குத் தேவையான ஆக்சிஜனை உறிஞ்ச இதைவிடத் திறமையான ஏற்பாடு இல்லை. நச்சுப்புகையையும் அது அதே திறமையோடு உறிஞ்சும். நான்-ஸ்டிக் தவாவை வெறுமனே அடுப்பில் வைத்து மறந்துவிட்டால், அதிலிருந்து கிளம்பும் கண்ணுக்குத் தெரியாத ஆவியில் பறவை சில நிமிடங்களில் செத்துப்போகும். சமையலறைக்குப் பக்கத்தில் கூண்டு வேண்டாம். கொசுவத்தி, வெள்ளிக்கிழமை சாம்பிராணி, ரூம் ஸ்ப்ரே, சிகரெட் எதுவும் கூண்டு இருக்கும் அறையில் கூடாது. கொசுவுக்குக் கூண்டின் மேல் வலை போட்டுவிடலாம்.

பறவை நமக்குத் தரும் காற்றிலும் ஒரு சேதி உண்டு. அதன் வெண்தூள் மேஜையில், டிவியில், திரைச்சீலையில் மெல்லிய மாவாகப் படியும். ஆஸ்துமா உள்ளவர் வீட்டில் இருந்தால் வாங்குவதற்கு முன் யோசிக்க வேண்டும். வாரத்தில் சில நாள் ஸ்ப்ரே பாட்டிலால் வெறும் தண்ணீரைச் சாரலாகத் தெளித்தால் தூள் அடங்கும், பறவையும் மகிழும்.

கூண்டும் மின்விசிறியும்

காக்கடீல் நேராக மேலே ஏறுவதில்லை, பக்கவாட்டில் பறக்கும். அதனால் உயரமான கூண்டைவிட அகலமான கூண்டு நல்லது. ஒரு பறவைக்கு நீளம் 2 அடிக்குக் குறையக் கூடாது. கம்பி இடைவெளி அரை அங்குலத்தைக் கொஞ்சம் தாண்டலாம். அதற்கு மேல் போனால் தலை மாட்டும். புதிய ஜி.ஐ. கம்பிக் கூண்டில் துத்தநாகத் துகள் உதிரும். அது வயிற்றில் போனால் நஞ்சு. வினிகர் தொட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவி, காயவைத்த பிறகு பறவையை விட வேண்டும். கடைக்காரர் கொடுக்கும் வழவழப்பான பிளாஸ்டிக் குச்சியில் நாள் முழுக்க ஒரே அழுத்தத்தில் நின்றால் பாதம் புண்ணாகும். மருந்து அடிக்காத கொய்யாக் கிளை, வேப்பங்கிளையைப் பல பருமனில் வெட்டி வைத்தால் பாதத்துக்கும் நல்லது, அலகால் உரித்து விளையாடவும் ஆகும்.

தினமும் ஓரிரு மணி நேரம் வெளியே பறக்கவிட வேண்டும். அதற்கு முன் அணைக்க வேண்டியது மின்விசிறி. ஓடும் மின்விசிறியில் அடிபடுவது நம் ஊர் வீடுகளுக்கே உரிய ஆபத்து. சன்னல், குளியலறை வாளி, அடுப்பில் கொதிக்கும் பாத்திரம் மூன்றையும் பார்த்துவிட்டுக் கூண்டைத் திறக்கலாம்.

இரவில் 10 முதல் 12 மணி நேரம் இருட்டும் அமைதியும் வேண்டும். டிவி இருக்கும் கூடத்தில் இது முடியாது. மாலையில் கூண்டை வேறு அறைக்கு மாற்றுவது எளிது. ஆனால் கும்மிருட்டும் ஆகாது. பல்லி ஓடும் சத்தம், சட்டென்று போய்வரும் மின்சாரம், தீபாவளி வெடி எதற்காவது விழித்துக்கொண்டால் காக்கடீல் கூண்டுக்குள்ளேயே கண்மூடித்தனமாக மோதிக்கொள்ளும். இறகு ஒடிந்து ரத்தம் வரும். மங்கலான இரவு விளக்கு ஒன்று இருந்தால் கம்பி எங்கே, குச்சி எங்கே என்று அதற்குத் தெரியும்.

அக்னி நட்சத்திரமும் ஐப்பசி கார்த்திகையும்

பாலைநிலப் பறவைக்கு வெயில் பழக்கம்தானே என்று மொட்டைமாடித் தகரக் கொட்டகையில் கூண்டை விடுகிறவர்கள் உண்டு. காட்டில் அது நடுப்பகலில் மரநிழலில் ஒதுங்கி நிற்கும். கூண்டில் அந்த வசதி இல்லை. வியர்வைச் சுரப்பி இல்லாத பறவை, வாயைத் திறந்து மூச்சிரைத்தும் இறக்கையை உடம்பிலிருந்து விலக்கியும்தான் சூட்டை இறக்க முடியும். மே மாதம் விழுப்புரத்தில் வெயில் 40 டிகிரியைத் தொடும் பிற்பகலில் இந்த இரண்டும் தெரிந்தால் உடனே நிழலான அறைக்கு மாற்றி, காலில் தண்ணீர் தெளித்து, குடிக்க வையுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம். ஏ.சி. காற்று நேராக அடிப்பதும் வேண்டாம்.

அடுத்த சோதனை வடகிழக்குப் பருவமழை. 2024 நவம்பர் 30 இரவு கரை கடந்த ஃபெஞ்சல் புயலின்போது திண்டிவனத்துக்கு அருகே மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது, மாவட்டத்தின் பல பகுதிகள் வெள்ளத்தில் மிதந்தன. இப்படிப்பட்ட இடத்தில் பறவை வளர்க்கிறவர் ஒரு சிறிய பயணக் கூண்டும், காற்றுப் புகாத டப்பாவில் ஒரு வாரத் தீனியும் எப்போதும் தயாராக வைத்திருக்க வேண்டும். மழைக்காலத்தில் கூண்டின் அடித்தாளைத் தினமும் மாற்றாவிட்டால் எச்சத்திலேயே பூஞ்சை பூத்துவிடும்.

முட்டை ஒரு எச்சரிக்கை

தனியாக வளரும் பெண் பறவை முட்டையிட்டால் வீட்டில் கொண்டாட்டம். உண்மையில் கவலைப்பட வேண்டிய நேரம் அது. ஒவ்வொரு முட்டைக்கும் ஓடு செய்ய அதன் எலும்பிலிருந்து கால்சியம் போகிறது. தொடர்ந்து இட்டால் ஒரு நாள் முட்டை வழியிலேயே சிக்கிக்கொள்ளும். இறகைச் சிலிர்த்துக் கூண்டின் அடியில் உட்கார்ந்து முக்கினால், அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

தடுக்கும் வழி, அதன் உடம்பு நம்பிக்கொண்டிருக்கும் அந்த மழைக்காலத்தை முடித்துவைப்பதுதான். மாலை 6 மணிக்கே இருட்டாக்குங்கள். தீனியை அளந்து வையுங்கள். பானை, அட்டைப்பெட்டி, சோபாவின் அடி என்று பொந்தாகத் தோன்றும் எதையும் விட்டுவைக்காதீர்கள். தலையை மட்டும் கோதுங்கள். முதுகைத் தடவுவது ஜோடி சேரும் சைகை. இட்ட முட்டையை உடனே எடுத்தால் ஈடுகட்ட இன்னொன்று இடும். அதுவாகச் சலித்து விலகும்வரை அப்படியே விடலாம்.

கொண்டையைப் பார்த்துப் பேசுங்கள்

கொண்டை செங்குத்தாக நின்றால் திடுக்கிட்டிருக்கிறது, அல்லது எதையோ கூர்ந்து கவனிக்கிறது. பாதி சாய்ந்து நுனி மட்டும் மேல்நோக்கி இருந்தால் நிம்மதி. தலையோடு ஒட்டப் படிந்து, உடம்பு தாழ்ந்து, 'ஸ்ஸ்' என்று சீறினால் கையை எடுத்துவிடுங்கள், அடுத்தது கடி. அலகை நறநறவென்று உரசிக்கொண்டு ஒற்றைக்காலில் நின்றால் தூக்கம் வருகிறது.

ஆண்தான் பாட்டுக்காரன். பேச்சு ஓரளவுக்குத்தான் வரும். சீட்டி அபாரமாக அடிக்கும். காலிங்பெல், போன் ரிங்டோன், அப்பாவின் விசில் எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளும். சாம்பல் ரகத்தில் முதல் இறகுதிர்ப்பு முடிந்ததும் ஆணின் முகம் பளீரென்று மஞ்சளாகும். பெண்ணுக்கு முகம் மங்கலாகவே இருக்கும், வாலின் அடியில் குறுக்குக் கோடுகளும் மறையாது.

கூட்டத்தில் வாழப் பிறந்த பறவைக்குத் தனிமை நோய். நீங்கள் பக்கத்து அறைக்குப் போனதும் கத்துகிறது என்றால் அது "எங்கே இருக்கிறாய்?" என்ற கேள்வி. பதிலுக்கு ஒரு சீட்டி அடித்தால் அடங்கும். வீட்டில் எல்லோரும் பகல் முழுக்க வெளியே போகிறவர்கள் என்றால் இரண்டு பறவையாக வளர்ப்பதே நியாயம்.

மறைத்துவைக்கும் நோய்

கூட்டத்தில் சோர்ந்து தெரியும் பறவையைத்தான் வல்லூறு குறிவைக்கும். அதனால் காக்கடீல் தன் நோயைக் கடைசிவரை மறைக்கும். இறகைச் சிலிர்த்துக் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டால் நோய் முற்றிவிட்டது என்று பொருள். முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் கருவி, கிராம் காட்டும் சமையலறைத் தராசு. வாரத்தில் ஓரிரு நாள் காலையில் தீனிக்கு முன் எடை போட்டு எழுதிவையுங்கள். 90 கிராம் பறவை 81க்கு இறங்கினால், பார்க்க நன்றாக இருந்தாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

எச்சமும் பேசும். நல்ல எச்சத்தில் பச்சை அல்லது பழுப்பான கெட்டிப் பகுதி, வெள்ளைச் சுண்ணாம்புப் பகுதி, தெளிந்த நீர் என மூன்றும் தனித்தனியே தெரியும். வெள்ளை மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் கல்லீரலைச் சந்தேகிக்கலாம். கிளிக் காய்ச்சல் எனப்படும் சிட்டகோசிஸ், கிளமிடியா வகைப் பாக்டீரியாவால் பறவையிடமிருந்து மனிதருக்கும் வரும்; 1929-30இல் கூண்டுக்கிளிகள் வழியே பல நாடுகளில் பரவியது. வீட்டில் யாருக்காவது விடாத காய்ச்சலும் வறட்டு இருமலும் வந்தால், வீட்டில் பறவை இருப்பதை டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஆடு, மாடு, கோழி பார்த்துப் பழகிய ஊர் மருத்துவருக்கு 90 கிராம் பறவை புதிதாக இருக்கலாம். விழுப்புரம், திண்டிவனம் ஆகிய இரண்டு ஊர்க்காரர்களுக்கும் எட்டும் தூரத்தில் புதுச்சேரி குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சென்னை வேப்பேரியில் 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எங்கே போவது என்று பறவை நன்றாக இருக்கும்போதே விசாரித்து வைப்பது நல்லது.

வாங்கும் முன்

இறகு முளைக்காத குஞ்சை வாங்கி ஊசிக்குழாயில் கூழ் ஊட்டினால் நன்றாகப் பழகும் என்று சொல்லி விற்பார்கள். கூழ் சூடானால் இரைப்பை வெந்துவிடும். மூச்சுக்குழலில் இறங்கினால் அதோடு முடிந்தது. தானாகத் தின்னத் தொடங்கிய, 10 வாரம் தாண்டிய பறவையாக வாங்குங்கள். கண்ணும் மூக்குத்துளையும் வறண்டு சுத்தமாக இருக்க வேண்டும். ஆசனவாய்ப் பக்கம் எச்சம் ஒட்டியிருக்கக் கூடாது. மார்பெலும்பைத் தொட்டால் கத்திமுனைபோல் துருத்தக் கூடாது. 2018ஆம் ஆண்டின் விதிகளின்படி செல்லப்பிராணிக் கடைகள் மாநில விலங்குநல வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். அந்தச் சான்றைக் கேட்டுப் பார்க்கலாம். அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பட்டியலில் காக்கடீல் இல்லை.

ஒழுங்காக வளர்த்தால் 15 முதல் 20 ஆண்டு இருக்கும். ஆறாம் வகுப்புப் பிள்ளை அடம்பிடித்து வாங்கிய பறவைக்குப் பிள்ளை கல்லூரி முடித்து சென்னையில் வேலைக்குப் போன பிறகும் காலையில் உமி ஊத ஆள் வேண்டும். பெரும்பாலும் அது அம்மாவின் தலையில்தான் விழும். ஆகவே கடைக்குப் போவதற்கு முன் கேட்க வேண்டியது அவருடைய சம்மதம். அவர் சரி என்றால் முதலில் தராசை வாங்குங்கள், பறவை அப்புறம்.